மங்கல் எந்தப் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை பத்து நிமிஷம் ஒரு பாட்டைக் கண்ணை மூடி ரசித்தேன். தலையைக்கூட ஆட்டினேன். "எப்படிங்கப்பா இருக்குது?" என்று மைதிலி கேட்டதற்கு, "சுத்தமா இருக்குது கண்ணு, தண்ணி மாதிரி" என்றேன். அவள் ஒயரின் மறுமுனையை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினாள். அது எதிலும் சொருகாமல் அதுவரை என் மடியிலேயே கிடந்திருக்கிறது.

சமையலறையில் என் வீட்டுக்காரி ருக்குமணி சிரித்த சிரிப்பு ஹெட்ஃபோனைத் தாண்டி வந்தது. "இந்த மனுசங்கிட்ட வெறும் டப்பாவைக் குடுத்தாலும் பாட்டு நல்லாருக்குதும்பாரு."

"ஒசத்திப் பொருளாச்சே, மெதுவாத்தான் கேக்கும்னு இருந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்வது.

மைதிலி என் ஒரே மகள். கோயமுத்தூரில் ஜெரால்டு என்பவர் பாட்டுக் கேட்கும் சாமான்கள் விற்கிறார். அவர் கடையில் இவளுக்கு வேலை. சாமான்களைக் கேட்டுப் பார்த்து, எது எப்படி என்று கடையின் இணையப் பக்கத்தில் தமிழில் எழுத வேண்டும். இப்போது இரண்டு ஒசத்தி ஹெட்ஃபோன்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். தெரிந்தவர்கள் ஒப்பிட்டு எழுதுவதை எல்லோரும் செய்கிறார்கள், ஒன்றுமே தெரியாத ஆளுக்கு இவற்றின் வித்தியாசம் புரிகிறதா என்று பார்க்கலாம் என்பது ஜெரால்டின் யோசனை. ஒன்றுமே தெரியாத ஆளை எங்கே தேடுவது என்று மைதிலி யோசிக்கவே இல்லையாம். நேராக என்னிடம் வந்துவிட்டாள்.

ஒரு நோட்டும் கொடுத்தாள். "தேதி போட்டு, மனசுல பட்டத எழுதுங்கப்பா." நோட்டின் முன்பக்கம் அவளுக்கு. பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிற இது எனக்கு. ஒன்பதாவதோடு நின்றவனுக்கு ஒரே நோட்டில் இரண்டு பக்கமும் எழுத விஷயம் இருப்பது பெரிய காரியம்.

ஜூன் 4, புதன்

சாமான்களைப் பற்றி. ஒன்று முழுக்கக் கறுப்பு, காதை அடைத்து மூடிவிடும். இன்னொன்றுக்கு மர விளிம்பு, வெளிப்புறம் கம்பிவலை. நமக்குக் கேட்பது பக்கத்தில் நிற்பவருக்கும் லேசாகக் கேட்கும். இவற்றின் நிஜப் பெயர்கள் லாரி நம்பர் மாதிரி எழுத்தும் எண்ணுமாக இருப்பதால், கறுப்பு, மரம் என்றே வைத்துக்கொண்டேன். இவற்றை ஓட்ட போனுக்குத் தெம்பு பற்றாதாம். அதனால் நடுவில் ஒரு பெட்டி. போன் பெட்டிக்குக் கொடுக்கும், பெட்டி காதுக்குக் கொடுக்கும்.

கறுப்பைப் போட்டால் தவில் நெஞ்சுக்குள் விழுகிறது. ஆனால் வாசிப்பவர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தது மாதிரி. சீக்கிரமே காது வேர்த்துவிடுகிறது. மரத்தைப் போட்டால் அதே ஆட்கள் தள்ளித்தள்ளி, கல்யாண மேடையில் உட்கார்ந்தது மாதிரி உட்கார்ந்துகொள்கிறார்கள். தவில் மட்டும் கொஞ்சம் இளைத்துப்போகிறது. இரண்டிலுமே இடது பக்கம் உட்கார்ந்தவர்கள் அடக்கித்தான் வாசிக்கிறார்கள். மரியாதை தெரிந்தவர்கள் போல.

முன்பக்கத்தில் கல்யாண மேடையைப் போட்டுவிட்டு, கூடவே "கறுப்பு கெட்டி நெசவு, போர்வை மாதிரி. மரம் இளசா நெய்த துணி, காற்றுப் போகும்" என்று எழுதினேன். மைதிலி படித்துவிட்டு, "இது எனக்குத் தோணலையே. அப்படியே போட்டுக்கறேனுங்கப்பா" என்றாள். இன்றைக்கு முழுக்கத் தறியில் நூல் அறுந்தபோதெல்லாம் எனக்குக் கோபமே வரவில்லை.

பாட்டின் நடுவில் சின்னதாக ஒரு கைமணி வருமாம். "கேக்குதுங்களா?" என்றாள். "கேக்குது" என்றேன். "எந்தப் பக்கம்?" கேட்கும்போதே அவள் கண் ஒரு நூலளவு இடது பக்கம் போய் வந்தது. "இடது." "உங்களுக்கு நல்ல காதுங்கப்பா" என்றாள்.

இருபத்தாறு வருஷமாக விசைத்தறிக் குடோனில் நிற்கிறேன். அங்கே யாரும் யாரையும் காதால் கேட்பதில்லை. உதட்டைப் பார்ப்போம், கண்ணைப் பார்ப்போம், பேச்சு நடந்துவிடும். அந்தப் படிப்புக்கு ஒரு சர்டிபிகேட் உண்டென்றால் நான் பட்டதாரி.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மைதிலி சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராகச் சேரப் போகிறாள். மூன்று வருஷமாக முயற்சி செய்து கிடைத்தது. இந்தக் கட்டுரைதான் ஜெரால்டுக்கு எழுதும் கடைசிக் கட்டுரை.

ஜூன் 5, வியாழன்

குடிதண்ணீர் வந்தது, பத்துக் குடம். கறுப்பைப் போட்டுக்கொண்டிருந்ததால் ருக்குமணி கூப்பிட்டது கேட்கவில்லை என்று சொல்ல முடிந்தது. நல்ல சாமான்.

ஜூன் 7, சனி

காலையில் மைதிலி எழுந்து வந்து, தலையை இடப்பக்கம் சாய்த்துக் காதைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"குளிக்கறப்பத் தண்ணி போயிருக்கும்" என்றாள் ருக்குமணி.

"நான் இன்னும் குளிக்கவே இல்லீங்கம்மா."

இரண்டு நாளாக அவளுக்குச் சளி. ஆவி பிடி என்று சொல்லிவிட்டு ருக்குமணி உள்ளே போனாள். மைதிலி கறுப்பைப் போட்டுக் கேட்டாள், கழற்றினாள். மரத்தைப் போட்டாள், கழற்றினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இடது பக்கம் மங்கலாக் கேக்குதுங்கப்பா. உங்களுக்கு எப்படின்னு பாருங்க."

போட்டுப் பார்த்தேன். "ஆமா கண்ணு. இடது மங்கல்தான்." இது சத்தியமான உண்மை.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

அவள் அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். "ரெண்டுலயும்னா பெட்டி கெட்டிருக்கோணும்." கொஞ்ச நேரம் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு மட்டும் பாக்கோணுங்கப்பா. இதைத் திருப்பிப் போடோணும், இடதுல இருக்கறது வலதுக்கும் வலதுல இருக்கறது இடதுக்கும் வர்ற மாதிரி. மங்கல் வலதுக்கு வந்துச்சுன்னா சாமான்ல கோளாறு. இடதுலயே நின்னுச்சுன்னா காதுல கோளாறு."

"நீ பாத்தியா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"பயமா இருக்குதுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "நீங்க பாருங்க. உங்களுக்கு மாறிச்சுன்னா எனக்கும் மாறுன மாதிரிதான்."

திருப்பிப் போட்டேன். பாட்டு ஓடியது. பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் ஒட்டும் பலகையைப் பார்ப்பது மாதிரி அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் என்ன பதில் எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். எழுதியிருந்ததைப் படித்தேன்.

"வலதுக்கு வந்துருச்சு கண்ணு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஏஞ்சாமி, நல்ல காதுன்னு நீதான சொன்ன."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். உடனே ஜெரால்டுக்குப் போன் போட்டு, பெட்டி கெட்டுவிட்டது, வேறு பெட்டி வேண்டும் என்றாள். படித்த காலத்தில் ஒரு பரீட்சையிலும் நான் இவ்வளவு வேகமாகப் பாஸ் ஆனதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மைதிலியும் ருக்குமணியும் கோயிலுக்குப் போயிருந்தபோது இரண்டையும் எடுத்துத் திருப்பித்திருப்பிப் போட்டுப் பார்த்தேன். என்ன கேட்டது என்று எழுதப் போவதில்லை. என் காது என் சொந்த விஷயம். குடோனில் என் இடம் கடைசி வரிசை. வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் பன்னிரண்டு தறி. போனை வலது காதில்தான் வைப்பேன், அது பழக்கம். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன், அதுவும் பழக்கம்.

இவளுக்கு இருபத்துமூன்று வயது. சளி போனால் காது திறந்துவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

ஜெரால்டு கடை ஆள் வந்து பெட்டியை எடுத்துப் போனார். கம்பெனிக்கு அனுப்பி வேறு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகுமாம். கறுப்பும் மரமும் மேசை மேல் வாயை மூடிக்கொண்டு கிடக்கின்றன. முன்பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

மிக்ஸியில் ருக்குமணி சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அரைத்துக்கொண்டே, "சாயங்காலம் வாரப்பக் கருவேப்பல வாங்கிட்டு வா" என்றாள். மிக்ஸி ஓடும்போது அவள் பேசுவது யாருக்கும் கேட்காது. எனக்கு உதட்டில் தெரியும். அந்தப் பக்கம் நின்ற மைதிலி, "சரிங்கம்மா" என்றாள்.

சின்ன வயதில் லீவு நாட்களில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து குடோனில் நிற்பாள். அப்போது கற்றுக்கொண்டது. எட்டு வயதிலேயே தறிக்காரர்கள் பேசும் கெட்ட வார்த்தைகளெல்லாம் அவளுக்கு உதட்டோடு தெரியும். ருக்குமணியிடம் நான் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மிக்ஸி நின்ற பிறகும் மைதிலி அவள் அம்மாவின் உதட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

"காது எப்படி இருக்குது கண்ணு?" "சளிதானுங்கப்பா, போயிரும்." சரி.

ஜூன் 15, ஞாயிறு

சந்தைக்குப் போனோம், நானும் மைதிலியும். யாருடன் நடந்தாலும் அவர்களை என் வலப்பக்கம் விட்டுக்கொள்வேன். அவளையும் விட்டேன். நாலு எட்டு வைப்பதற்குள் அவள் பின்னால் சுற்றி என் இடப்பக்கம் வந்துவிட்டாள். ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். நான் ஒரு தள்ளுவண்டியைச் சாக்கு வைத்து அந்தப் பக்கம் தாண்டி, மறுபடி அவளை வலப்பக்கம் ஆக்கினேன். அவள் செருப்பைச் சரிசெய்வது மாதிரி நின்று, மறுபடி சுற்றினாள்.

வெங்காயம் விற்கும் பாப்பக்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "ஏனுங் சென்னியப்பண்ணா, அப்பனும் புள்ளையும் நடு ரோட்டுல கும்மியடிக்கறீங்களா?"

இரண்டு பேரும் சிரித்தோம். வெங்காயம் வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து, அவள் எதற்காகச் சுற்றினாள் என்று யோசித்தேன். நான் எதற்காகச் சுற்றினேனோ அதற்காகத்தான். சோறு இறங்கவில்லை. "உப்புக் கூடப் போச்சுங்களா?" என்றாள் ருக்குமணி.

ஜூன் 16, திங்கள்

இன்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். தறியில் பாவு நூல் தீர்ந்துவிட்டது. புதுப் பாவு பிணைத்து முடிக்க நேரமாகிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும்.

ஜூன் 18, புதன்

புதுப் பெட்டி வந்தது. மைதிலி ஒயரெல்லாம் மாட்டிவிட்டு, கறுப்பை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க மொதல்ல கேட்டுச் சொல்லுங்கப்பா."

போட்டேன். பாட்டு வழக்கம்போல் ஓடியது.

"இடது எப்படீங்க?"

மங்கல் என்று சொன்னால் இந்தப் பெட்டியும் கம்பெனிக்குப் போகும். இன்னும் பத்து நாள் போகும். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நல்லா கேக்குது கண்ணு. ரெண்டும் சமம்."

அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். திருப்பிப் போட்டாள். மரத்தை எடுத்துப் போட்டாள். அதையும் திருப்பினாள். பிறகு இரண்டையும் கழற்றி ஒயரை முடிச்சில்லாமல் சுற்றி, அதனதன் பெட்டியில் வைத்து மூடினாள்.

"அப்ப எனக்குத்தானுங்க" என்றாள்.

ஜூன் 19, வியாழன்

கோயமுத்தூரில் காது டாக்டர். குடோனுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

முதலில் மைதிலியை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். அதைப் பார்த்ததும், "பழைய மாடலுங்கப்பா" என்றாள் மைதிலி. சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வலது காதுக்குச் சத்தம் விட்டபோது விரல் தந்தி அடிப்பது மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தது. இடது காதுக்கு மாற்றினார்கள். விரல் அப்படியே பொத்தான் மேல் இருந்தது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன்.

அவள் நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "பயப்படாத" என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அவளும் உதட்டை மட்டும் அசைத்தாள்: "சாப்பிட்டீங்களா?" குடோன் வாசலில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நின்று கேட்பாளே, அதே கேள்வி.

"ஐயா, டெஸ்ட் நடக்கறப்பப் பேசாதீங்க" என்றது டெஸ்ட் எடுத்த நர்ஸம்மா.

"பேசலீங்களே" என்றேன். உண்மைதானே.

டாக்டர் ஒரு பெண்மணி. காகிதத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா?" என்றார்.

"பன்னெண்டு நாளுங்க" என்றாள் மைதிலி.

"பாட்டு வேலையில இருக்கற பொண்ணு. அன்னிக்கே வரவேண்டாமா?"

"ரெண்டும் ஒண்ணா வந்துருச்சுங்க டாக்டர். பெட்டியும் கெட்டிருந்துச்சு. அப்பாவுக்கும் அதே மாதிரிதான் கேட்டுச்சு. அதனால காதுன்னு நெனைக்கவே இல்லீங்க."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டாள்.

இது நரம்பு சம்பந்தப்பட்டது, சிலருக்குத் திடீரென்று வரும், காரணம் பெரும்பாலும் தெரியாது என்றார் டாக்டர். முதல் மூன்று நாலு நாளில் மருந்து ஆரம்பித்திருந்தால் திரும்பக் கேட்க நல்ல வாய்ப்பு உண்டாம். இப்போதும் பார்க்கலாம்; மாத்திரை, அப்புறம் காதுக்குள் ஊசி. "நம்பிக்கையா இருங்க" என்றார். அதை மட்டும் சீட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். இரண்டாம் தடவை கேட்டபோதுதான் விளங்கியது. "தறியிலயா வேலை? நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கங்க."

"எனக்கென்னங்க, நல்லா கேக்கும்" என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

மாத்திரையில் மைதிலிக்கு முகம் வீங்கிவிட்டது. வயிற்றெரிச்சல். எதற்கெடுத்தாலும் அம்மாவிடம் எரிந்துவிழுகிறாள், பிறகு போய்க் கட்டிக்கொள்கிறாள். முதல் ஊசி போட்டாயிற்று. ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் தலையைச் சாய்த்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த அரைமணியும் அவள் கண் திறந்தே இருந்தது.

"எப்படி இருக்குது கண்ணு?"

"காதுக்குள்ள தறி ஓடற மாதிரி இருக்குதுங்கப்பா. நிக்கவே மாட்டீங்குது."

மற்ற அப்பன்கள் மகளுக்கு வீடோ காடோ எழுதிவைக்கிறார்கள்.

ஜூன் 26, வியாழன்

இரண்டாவது ஊசி. மாற்றம் இல்லை. அரிசி ஊறப்போட்டது ஞாபகம் இல்லாமல் ருக்குமணி மறுபடி ஊறப்போட்டாள். வீட்டில் எல்லோருமே மெதுவாகப் பேசுகிறோம், கேட்க வேண்டிய ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்பது மறந்துபோய்.

ஜூன் 28, சனி

சென்னைக்கு இன்று பேசினாள். வலது காதில் போனை வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி நின்றாள். "இல்லீங்க சார், ஒரு காதுதான். ஆமாங்க சார். திரும்ப வருமான்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க வேற ஆள் பாத்துக்குங்க சார். தாங்க்ஸ்ங்க சார்." கடைசி வார்த்தை வரைக்கும் குரல் உடையவில்லை. அந்த மனிதரும் நல்லவிதமாகத்தான் பேசியிருப்பார் போலிருக்கிறது. நல்லவிதமாகப் பேசினாலும் அது அதேதான்.

"ஒரு காதுல வேல செய்ய முடியாதா கண்ணு?" என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டுமே.

"அப்பா, நீங்கதான எழுதியிருந்தீங்க, மரத்துல ஆளுக தள்ளித்தள்ளி உக்காந்திருக்கறாங்கன்னு. யாரு எங்க உக்காந்திருக்கறாங்கன்னு ரெண்டு காது இருந்தாத்தான் தெரியும். இப்பக் கறுப்பும் மரமும் எனக்கு ஒண்ணுதானுங்க. எல்லாரும் ஒரே பக்கம் உக்காந்திருக்கறாங்க."

ருக்குமணி சென்னைக்கென்று பெட்டியில் அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைத்தாள். அடியில் ஒரு சம்புடம் முறுக்கு இருந்தது. அதைத் திறந்து எல்லோரும் சாப்பிட்டோம். முறுக்கு உடையும் சத்தம் எனக்கு மண்டைக்குள் கேட்டது. அதற்குக் காது வேண்டியதில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மைதிலி சென்னையில் வேலைக்குச் சேரும் தேதி. ரேஷன் வாங்கினேன். பருப்பு வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

கட்டுரை வந்துவிட்டது. மைதிலி பாதியில் விட்டதை ஜெரால்டே முடித்துப் போட்டிருக்கிறார். முன்பக்கத்தில் நான் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது, கெட்டி நெசவு, இளசான துணி, கல்யாண மேடை எல்லாம். கைமணி இடது பக்கம் துல்லியமாகக் கேட்கிறது என்று நான் சொன்னதும் இருக்கிறது. "அனுபவமில்லாதவரின் காது பொய் சொல்லாது" என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார். கீழே நிறையப் பேர் பாராட்டியிருக்கிறார்கள். ஐயாவை இன்னும் எழுதச் சொல்லுங்கள் என்று ஒருவர்.

சாயங்காலம் ஜெரால்டு மைதிலியிடம் போனில் பேசினார். வைத்ததும் என்னிடம் வந்தாள்.

"பழைய பெட்டியக் கம்பெனியில பிரிச்சுப் பாத்தாங்களாம். ஒரு கோளாறும் இல்லையாம்."

"கம்பெனிக்காரன் எதை ஒத்துக்கிட்டான்" என்றேன்.

அவள் உடனே போய்விடவில்லை. என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைப் பார்ப்பவர்களைச் சமாளித்துவிடலாம். உதட்டைப் படிக்க நான்தானே சொல்லிக்கொடுத்தேன். எழுந்து போய் விளக்கைப் போட்டேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"அதுவும் சரிதானுங்க" என்றாள்.

ஜூலை 9, புதன்

கடைசி டெஸ்ட். கூட்டம் அதிகம். நடுவரிசையில் உட்கார்ந்திருந்தோம். கூப்பிடும் மேசை எங்களுக்கு இடப்பக்கம். அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. எங்களுக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் உள்ளே போய் வந்தார்கள். கடைசியில் அந்த நர்ஸம்மா எழுந்து எங்கள் முன்னாலேயே வந்து நின்றது.

"மைதிலி நீங்கதான? எத்தனை தடவ கூப்பிடறது? அவங்களுக்குக் கேக்காது, சரி. கூட வந்த உங்களுக்குமா கேக்கல?"

"அசந்துட்டேனுங்க" என்றேன்.

மைதிலி எழுந்தாள். உள்ளே போகவில்லை. என் இடது காதைப் பார்த்தாள். வலது காதைப் பார்த்தாள். பிறகு மேசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாள். கறுப்பையும் மரத்தையும் மாற்றிமாற்றி எடுத்துப் பார்க்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும், அவசரமே இல்லாமல். ஏதாவது கேட்பாள் என்று இருந்தேன். என் தோளில் கையை ஒரு தடவை வைத்து எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இனி திரும்பாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். இருக்கிற காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மைதிலி, "சரிங்க டாக்டர்" என்றாள். இடது காதுப் படத்தில் கோடு காகிதத்தின் அடியில் கிடந்தது, அறுந்து விழுந்த நூல் மாதிரி.

ஊருக்குத் திரும்பும் சோமனூர் பஸ்ஸில் இடது வரிசையில் இருவர் சீட் காலியாக இருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நான் அவளுடைய வலப்பக்கம் இருப்பேன். நான் சொல்வது அவளுக்குக் கேட்கும். "உள்ள போ கண்ணு" என்றேன்.

"நீங்க உள்ள போங்கப்பா."

"காத்து வரும், போ."

"காத்துத்தான் எனக்கு ஆகாது. போங்கங்கறனில்ல."

பின்னால் நின்றவர், "யாராவது ஒருத்தர் உக்காருங்க சாமி" என்றார். மைதிலி என்னை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, என் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

வழியெல்லாம் அவள்தான் பேசினாள், முன்னால் பார்த்துக்கொண்டு, சத்தம் உயர்த்தாமல். கடையில் கல்லாப் பக்கம் இடம் தருவதாக ஜெரால்டு சொன்னதைச் சொன்னாள். அம்மாவிடம் இன்றைக்கு எதுவும் சொல்ல வேண்டாம், சாப்பிட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாள். "அடுத்த வாரம் உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்தரலாமுங்கப்பா" என்றாள். ஒரு சொல்கூடத் தவறாமல் என் நல்ல காதில் விழுந்தது.

நான் உட்கார்ந்திருந்தது அவளுக்குக் கேட்காத பக்கம். பஸ் இரைச்சல் வேறு. முகத்தையும் அவள் என் பக்கம் திருப்பவில்லை. வாய்விட்டே சொல்லியிருந்தாலும் அவளுக்கு விழுந்திருக்காது. அப்படியும் நான் சொல்லவில்லை: அன்னிக்குத் திருப்பிப் போட்டப்பவும் மங்கல் இடது பக்கமேதான் இருந்துச்சு கண்ணு.